நிற்கும் பாட்டு, அரைக்கும் பாட்டு

தம்பிகளா, போன வாரம் மைக் செட்டுக் கடையில் நீங்கள் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். இந்த வருசம் வந்த பாட்டுகளில் எது காலத்துக்கும் நிற்கும் என்று. ஒருவர் ஆம்ப்ளிஃபயர் மேலேயே ஓங்கிக் குத்தினார். அப்படிக் குத்தக் கூடாது. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க தட்டுக் காலத்து ஆளு" என்றீர்கள்.

தெரியாது என்றேன். மழுப்புகிறேன் என்று நினைத்தீர்கள். மழுப்பவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ஒரு தடவை நின்றிருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கும் குழப்பம். இன்றைக்கும் அப்படித்தான்.

யுத்த காலம் அது. தென்காசியில் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கிராமபோன் கடை. அங்கே வேலை பார்த்தேன். தட்டு விற்போம். ஊசி விற்போம். கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் பெட்டியும் ஒலிபெருக்கிக் குழாயும் வாடகைக்குக் கொண்டு போவோம். தட்டு என்றால் அரக்குத் தட்டு. கீழே விழுந்தால் அப்பளம்தான். முதலாளி நல்ல மனுசன். பாட்டு மட்டும் ஆகாது. கடையில் தட்டு ஓடினால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியிருந்தது. குற்றாலத்துப் பங்களாக்களில் ஆட்கள் வந்து இறங்கும் நேரம். அவர்கள் கேட்பது புதுத் தட்டு. கடையின் ஒரு வருசச் சாப்பாடு சாரல் நிற்பதற்குள் வந்தாக வேண்டும்.

மதுரை ஏஜென்ட் வந்தார். கையில் தட்டு ஒன்றும் இல்லை.

"அரக்கு கிடைக்கலை. எல்லாம் யுத்தத்துக்குப் போகுது. இனிமே பழைய தட்டு ஒண்ணு குடுத்தா புதுசு ஒண்ணு. உடைஞ்சதும் எடுத்துக்கிடுவோம். வெள்ளிக்கிழமை வண்டிக்கு வாரேன். பெட்டியில அடுக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டாங்க" என்றார்.

"பழசை என்ன செய்வீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"அரைச்சு அந்த மாவுலதான் புதுசு ஊத்துவாங்க."

"பாட்டை அரைச்சுப் பாட்டா? நல்லாருக்கே கதை."

சிரித்துவிட்டு முதலாளி என்னைப் பார்த்தார். "ஏலே, எனக்கு எல்லாம் ஒரே சத்தம். நீதான் கேக்குதவன். நிக்கப்போற பாட்டை வச்சுக்கோ. நிக்காததைப் பெட்டியில போடு. தப்பா எடுத்து வச்சேன்னா உனக்கு இங்கன சோலி கிடையாது, சொல்லிட்டேன்."

இரண்டு குவியல். வைப்பது ஒன்று, அரைக்கக் கொடுப்பது ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

முதலில் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதிகம் ஓடிய தட்டு கறுப்பு மங்கி வெளுத்திருக்கும். ஊர் எதை விரும்பியது என்று அதிலேயே தெரியும். வெளுத்ததையெல்லாம் வைக்கிற குவியலில் போட்டேன். பிறகு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஒரே இரைச்சல். இதை எவன் வாங்குவான்? எல்லாவற்றையும் கொடுக்கிற பக்கம் தள்ளினேன். இந்தப் பக்கம் மிச்சம் இருந்தவை பளபளவென்று புதுசாக இருந்தன. ஏன் புதுசாக இருந்தன? யாரும் கேட்காததால். விரும்பினதையெல்லாம் அரைக்கக் கொடுத்துவிட்டு விரும்பாததை வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கலைத்தேன்.

கடைக்கு வந்தவர்களைக் கேட்டேன். பள்ளிக்கூட வாத்தியார் சாமி பாட்டுதான் நிற்கும் என்றார். போலீஸ்காரர் சிரிப்புப் பாட்டு என்றார். அவரவர் கடைசியாக வாங்கின தட்டு எதுவோ அதுதான் நிற்குமாம். குற்றாலத்துக்குப் போனபோது அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவரைக் கேட்டேன். அவர் பாடிக்கொண்டே முதுகில் தட்டுவார். "முதுகு எந்த வேகம் கேக்குதோ அந்தப் பாட்டு வரும். அருவிக்குள்ள போய் நின்னுட்டா எல்லாப் பாட்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார்.

அந்தக் குழப்பத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கோமதியம்மாள் வந்தார்.

இலஞ்சிக்காரர். அப்போது ஐம்பது வயது இருக்கும். இளவயதில் நாடகக் கம்பெனியில் பாடியவர். ஒரே ஒரு தட்டில் பாடியிருக்கிறார். "கடலேறிப் போனவரே, கரை திரும்பக் காணலியே" என்று தொடங்கும். எனக்குத் தெரிந்து எங்கள் கடையில் இருந்த ஒன்றுதான் மிச்சம். அவரிடம் இருந்ததை அவருடைய மருமகன் மணை என்று நினைத்து மேலே உட்கார்ந்து உடைத்துவிட்டார். சந்தைக்கு வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "ஒரு தடவை போடுய்யா" என்பார். கேட்டுவிட்டுப் போவார். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

ஏஜென்ட் வந்து போன செய்தி இலஞ்சி வரை போயிருந்தது.

"என் தட்டு எந்தக் குவியல்ல கிடக்கு?"

நான் கையைக் காட்டினேன். கொடுக்கிற குவியலில் கிடந்தது.

அவர் கோபப்படவில்லை. "யாரும் கேக்குதது இல்லை, இல்லையா?"

"இல்லைம்மா."

"இப்ப எனக்கு இருக்கது தவளைக் குரல். நான் பாடினவள்னு சொன்னா எங்க வீட்டுலயே சிரிக்காங்க. இதைவிட்டா எனக்குச் சாட்சி கிடையாது." தட்டை எடுத்து முந்தானையால் துடைத்தார். "நாளைக்கு எங்க ஊர்க் கல்யாணத்துக்கு நீதானே குழாய் கட்ட வாரே? அங்கன ஒரு தடவை போடு. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு தலை நிமிந்து பாத்தாப் போதும், வச்சுக்கிடு. இல்லைன்னா குடுத்திரு. நான் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இத்தனை பேரைக் கேட்டாயிற்று. கூட்டத்தையும் கேட்டுப் பார்ப்போம். சரி என்றேன்.

கல்யாண வீட்டில் பாட்டரிப் பெட்டியை வைத்து, குழாயைத் தென்னையில் கட்டினேன். அந்த வருசம் ஒரு சினிமாப் பாட்டு ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்திருந்தது. பெண்ணுக்கு மாமன் ஒருவர், மீசைக்காரர், அதை மட்டும்தான் போட வேண்டும் என்று என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முடிந்ததும் "திரும்பப் போடு" என்பார். போட்டுக்கொண்டே இருந்தேன். பந்தி நடந்தது. கோமதியம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிடவில்லை.

மாமன் வெற்றிலை போடத் திரும்பினார். நான் தட்டை மாற்றினேன்.

குழாயில் பழைய குரல் வந்தது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். கோமதியம்மாளும் கூட்டத்தைப் பார்த்தார். இலையில் இருந்து ஒரு தலையும் எழவில்லை. சாம்பார் கேட்டார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். மாமன்தான் துள்ளி எழுந்தார்.

"என்னலே, ஒப்பாரியைப் போட்டிருக்கே! கல்யாண வீடுலே இது! எடு அந்தச் சவத்தை!"

ஊசியில் கை வைக்க வந்தார். தம்பிகளா, இந்த இடம் உங்களுக்கும் வரும். வாடகை கொடுக்கிறவன் ஒரு பக்கம் கத்துவான். ஒருவருக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு பக்கம் நிற்கும். யோசிக்க நேரம் இருக்காது. அப்போது கை என்ன செய்கிறதோ அதுதான் நீங்கள். என் கை அவர் கையைப் பிடித்தது.

"அண்ணாச்சி, நடுவுல எடுத்தா ஊசி உள்ள இறங்கிரும். பெறவு உங்க பாட்டும் ஓடாது" என்றேன். பொய்தான். அவர் கையை எடுத்துக்கொண்டார். கோமதியம்மாள் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போதும், எடுத்துவிடு என்ற மாதிரி.

அப்போது பந்தலுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். தென்னைக்குக் கீழே அண்டா தேய்த்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள். வயல் வேலைக்காரர்கள். கல்யாணத்துக்காக அன்று நடவுக்குப் போகவில்லை. மூன்று பேரும் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, நம்ம பாட்டை எவளோ பாடுதாடி!"

"பாடுதா சரி, வார்த்தை பூராத் தப்பால்லா பாடுதா!"

கோமதியம்மாள் பந்தல் காலை விட்டார். நேரே அவர்களிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"எது தப்பு? அது நான் பாடினது."

"நீங்களாம்மா? உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, எங்க மாடத்தியா?"

மாடத்தி என்பவர் மூன்று பேரில் மூத்தவர். கையில் சாம்பலோடு நிமிர்ந்தார். "நான் குடுக்கலைட்டி. இது எங்காத்தா கட்டின பாட்டு. நான் தொட்டில்ல கிடக்கும்போதே கேட்டது."

"எங்க நாடக வாத்தியார் கட்டினது. எனக்கு முன்னால ஆர்மோனியத்தை வச்சுக் கட்டினார்" என்றார் கோமதியம்மாள்.

"எங்கன வச்சு?"

"இங்கனதான். இலஞ்சியில கொட்டகை போட்டிருந்தோம்."

"எப்பம்? நடவு சமயமா?"

கோமதியம்மாள் குரலை இறக்கி, "சாரல் சமயம்" என்றார்.

சாரலில்தான் அங்கே நடவு. மூன்று பேரும் கைகொட்டிச் சிரித்தார்கள். வரப்பில் நின்று கேட்டுவிட்டுப் போய் வாத்தியார் கட்டியிருக்கிறார் என்று ஆகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதோடு நின்றிருந்தால் நானும் இன்று உங்களிடம் தெளிவாக ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் மாடத்தி, தன் அம்மாவின் பெருமையைச் சொல்லுவதாக நினைத்து, "எங்காத்தா லேசுப்பட்டவ இல்லை. கொட்டகை போட்டாத் தரை டிக்கெட்டுல முத ஆளா உக்காந்திருப்பா. ஒரு நாள் விட மாட்டா" என்றார்.

யாரிடமிருந்து யார் எடுத்தார்கள்? நீங்கள் சொல்லுங்கள்.

"சரி, உங்க வார்த்தை என்ன? பாடுங்க பாப்போம்" என்றார் கோமதியம்மாள்.

பாடினார்கள். "களத்துமேடு போன மச்சான், கஞ்சி குடிக்க வரலியே." மெட்டு அதேதான். ஒரு இடத்தில் மட்டும், தட்டில் வெட்டி நிற்கும் இடத்தில், இவர்கள் நீளமாக இழுத்தார்கள்.

"அங்கன ஏம்மா இழுக்கிய? அது இழுக்குத இடம் இல்லையே."

"நடும்போது காலைப் பின்னால எடுத்து வைக்கணும்லாம்மா? இழுக்காட்டா ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து சேத்துல கிடக்க வேண்டியதுதான்."

நான் என் கேள்வியைக் கேட்டுவிட்டேன். "இப்ப வந்த சினிமாப் பாட்டு பாடுவீங்களா?"

"பாடுவோமே. அதுவும் பாடுவோம், இதுவும் பாடுவோம். மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு."

"அடுத்த வருசம் எதைப் பாடுவீங்க?"

"அடுத்த வருசம் வந்து கேளுங்க, அண்ணாச்சி."

பந்தலில் இருந்து மாமன் கத்தினார். நான் ஓடிப் போய் அவர் பாட்டைப் போட்டேன்.

புறப்படும்போது கோமதியம்மாள் வண்டி அருகே வந்தார். "குடுத்திரு" என்றார்.

"நிமிந்து பாத்தாங்களேம்மா. மூணு பேரு."

"என்னைக் கேட்டா நிமிந்தாளுக? அவளுக பாட்டைக் கேட்டு நிமிந்தாளுக."

அவ்வளவுதான். போய்விட்டார்.

மறுநாள் இரண்டு குவியலுக்கும் நடுவில் அந்தத் தட்டு தனியாகக் கிடந்தது. கடைக்காரன் கணக்கில் பார்த்தால் அது செத்த தட்டு. ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பாட்டு சாகவில்லை. வயலில் நிற்கிறது. பாட்டுதான் நிற்கிறதே, பிறகு தட்டு எதற்கு என்று ஒரு பக்கம். அந்தம்மாள் பாடியது அந்தத் தட்டில் மட்டும்தானே இருக்கிறது என்று இன்னொரு பக்கம். முதலாளி சொன்னது நிற்கும் பாட்டை வைத்துக்கொள் என்று. பாட்டு வேறு, தட்டு வேறு என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. கடைசியில் தட்டுக்கு உரியவரே கொடு என்று சொல்லிவிட்டார் என்று பெட்டியில் வைத்து மூடினேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடையத்தில் ஒரு விசேஷ வீடு. குழாயையும் ஓடுகிற தட்டுகளையும் தூக்கிக்கொண்டு ரயிலில் திரும்பி, நேரே தென்காசி ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டேன். கடைப் பெட்டியை முதலாளி மாட்டுவண்டியில் அனுப்பியிருந்தார். ஏஜென்ட் பிளாட்பாரத்திலேயே பெட்டியைத் திறந்தார். கையில் ஒரு பெரிய ஆணி. ஒவ்வொரு தட்டாக எடுத்து, குறுக்கே ஒரு கீறல் போட்டு வைத்தார். திரும்ப யாரும் விற்றுவிடக் கூடாதாம். அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

கோமதியம்மாள் தட்டு அவர் கைக்கு வந்தது. ஆணியை வைத்தார்.

"அது வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"அது பெட்டியில சேராது. தெரியாம வந்துட்டு."

"ஒண்ணு குறையுமே. குறைஞ்சா மொத்தமும் அடுத்த மாசம்தான். கம்பெனியில எண்ணித்தான் எடுப்பான். சிக்னல் கைகாட்டி இறங்கிட்டுது, சீக்கிரம் சொல்லுங்க."

வண்டி வரும் சத்தம் கேட்டது. மொத்தமும் அடுத்த மாசம் என்றால் சாரலுக்குக் கடை காலி. என் கையில் இருந்தது ஓடுகிற தட்டுப் பெட்டி. திறந்தேன். மேலே கிடந்தது அந்தச் சினிமாப் பாட்டு. எடுத்து நீட்டினேன்.

"கிறுக்கா உமக்கு? மதுரையில இதுக்கு அடிதடி நடக்குது."

"கீறுங்க."

கீறினார். வண்டி வந்தது. போனார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரக்கம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அந்தம்மாள் பாட்டு நன்றாக இருக்கும், அந்தச் சினிமாப் பாட்டு மட்டம் என்றும் இல்லை. அதுவும் நல்ல பாட்டு. நான் குளிக்கும்போது அதைத்தான் பாடுவேன். அதற்கு ஊரெல்லாம் தட்டு இருக்கிறது, இதற்கு இது ஒன்றுதான் என்று பிற்பாடு ஒரு காரணம் யோசித்துவைத்தேன். அந்த நேரத்தில் அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் பங்களாக்காரர் ஒருவர் கார் போட்டு வந்து இறங்கினார். கேட்டது அந்தச் சினிமாப் பாட்டு. முதலாளி தேடினார். நான் சொன்னேன். காதுப் பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஏலே, ஊரே கேக்குத பாட்டைக் குடுத்துட்டு, ஒரு நாதியும் கேக்காத பாட்டை வச்சிருக்கியா? சாரல் முடியுத மட்டும் இந்தத் தெருப் பக்கம் வராதே. போகும்போது அந்தச் சவத்தையும் தூக்கிட்டுப் போ!"

சாரல் முடிவதற்கு முன்பே கூப்பிட்டுக்கொண்டார். கிராமபோன் பெட்டிக்குச் சுருள்வில் மாட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. அது வேறு கதை. அன்றைக்கு எனக்கு வேலை இல்லை, கக்கத்தில் ஒரு தட்டு. துண்டில் சுற்றிக்கொண்டு இலஞ்சிக்கு நடந்தேன். நல்ல சாரல். வழி நெடுக, அந்தம்மாளிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று வார்த்தை கூட்டிக்கொண்டே போனேன்.

வீட்டில் அவர் இல்லை. வயல் பக்கம் போனதாக மருமகன் சொன்னார். போனேன்.

கோமதியம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். வயலில் மாடத்தியும் அவர் கூட்டமும் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதே மெட்டு. இவர் தவளைக் குரலில் ஒரு அடி எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் அதைக் கேலி செய்வதும், "அப்படி இல்லைட்டி" என்று இவர் கத்துவதுமாக இருந்தது.

நான் பக்கத்தில் போய்த் துண்டைப் பிரித்தேன். "அம்மா, உங்க தட்டைக் குடுக்கலை. வச்சுட்டேன். அதுக்குப் பதிலா..."

அவர் திரும்பாமலே கையை ஆட்டினார்.

"சும்மா இருய்யா. மாடத்தி புதுசா ஒரு அடி கட்டுதா."

மழையில் தட்டு நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். மாடத்தி நிமிர்ந்து, நெற்றியில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, அந்த அடியைப் பாடினார்.

என்ன அடி என்று கேட்காதீர்கள். நினைவில்லை. நன்றாக இருந்தது.